பனிக்கு அடியிலும் கேட்டது

பார்த்துக்கொண்டே நின்றேன். சற்று முன் என் தம்பி நேசன் வந்துகொண்டிருந்த இடத்தில் அவன் இல்லை. அவனுடைய தடம் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. அதற்கு அப்பால் கட்டி கட்டியாக உடைந்த பனி, வீடு இடித்த இடத்தில் கல்லும் சாந்தும் குவிந்து கிடப்பதுபோலக் கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை. அவனைக் கூப்பிட வாயைத் திறந்தேன். எனக்கும் சத்தம் வரவில்லை.

இது நடந்தது 1986ஆம் ஆண்டு பங்குனி மாதத் தொடக்கத்தில். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தச் சில்க்போர்க் ஊரில் எங்களோடு ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு இது அரைகுறையாகத் தெரியும். எஸ்பியர்க்கில் இருந்தும் ரண்டர்ஸில் இருந்தும் இன்று வந்திருக்கிற சகோதரங்களுக்குத் தெரியாது. முழுவதையும் நான் ஒருநாளும் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுவேன். ஆனாலும் ஆண்டவர் செய்ததை நான் மூடிவைத்துக்கொண்டு இருக்க முடியாது.

என் பெயர் ஜெயராணி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணா, நான், நேசன். அண்ணாவை ஒரு காலைநேரம் வீட்டுக்கு வந்த ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். விடவில்லை. அம்மா இராணுவ முகாம் முகாமாக ஏறி இறங்கினார். ஒருநாள் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நின்று என்னிடம் சொன்னார்.

"ஒரு பிள்ளையைக் குடுத்தாச்சு. இவனையும் குடுக்க என்னால ஏலாது. நீ இவனைக் கூட்டிக்கொண்டு எங்கையாவது போ பிள்ளை."

அப்படித்தான் 1984இல் நானும் நேசனும் டென்மார்க்குக்கு வந்தோம். அடுத்த வருடம் இருக்க அனுமதி கிடைத்தது. எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. நேசனுக்குத் தளபாடம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. வீடு இருந்தது, சாப்பாடு இருந்தது, பயமில்லாமல் நித்திரை கொண்டோம். ஆனால் நேசன் ஜெபிப்பதை விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஆராதனை நடக்கிற இடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஏரிக்கரைக்கு நடக்கப் போய்விடுவான். சாப்பாட்டுக்கு முன் நான் கண்ணை மூடினால் அவன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருமுறை நான் கொஞ்சம் கடுமையாகக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை.

"அண்ணாவுக்காக நீங்களும் அம்மாவும் எவ்வளவு ஜெபிச்சனீங்கள் அக்கா? முழங்கால் தேய மட்டும் ஜெபிச்சனீங்கள். ஆருக்குக் கேட்டது?"

நான் எழும்பினேன். பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன்.

1986இன் தொடக்கத்தில், அந்த மாரிக் குளிர்காலத்தில் பனி விட்டபாடில்லை. ஏரி உறைந்து, அதன்மேல் ஆட்கள் நடந்து திரிந்தார்கள். நேசனுக்கு வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் ஸ்வென் என்கிற டெனிஷ்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அவருடைய மனைவி இங்கர் ஒரு தாதி, நான் வேலை செய்கிற இல்லத்தில்தான் வேலை. இரண்டு பேரும் விசுவாசிகள். நாங்கள் ஆராதனை நடத்துகிற மண்டபத்தைக் கேட்டு வாங்கித் தந்ததும் அவர்கள்தான். ஸ்வென் நேசனுக்கு ஸ்கீயில் போகப் பழக்கினார். பனிமேல் சறுக்கிப் போகக் காலில் மாட்டுகிற நீளப் பலகைதான் ஸ்கீ. சில்க்போர்க்குக்குப் பக்கத்தில் வானமலை என்று பெருமையாகப் பெயர் வைத்திருக்கிற ஒரு மேடு இருக்கிறதல்லவா, அந்தப் பக்கம் போய் விழுந்து எழும்பி, கன்னம் சிவக்க வீட்டுக்கு வருவான். நாட்டை விட்டு வந்த பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததை அந்த மாரியில்தான் கண்டேன்.

ஸ்வெனும் இங்கரும் வருடா வருடம் நோர்வே மலைக்குப் போகிறவர்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். எனக்கு விருப்பமே இல்லை.

"எனக்கு ரோட்டில நடக்கவே சறுக்குது. இதுக்குள்ள மலையோ?" என்றேன்.

"வாங்கோ அக்கா. சமையல் செய்யாமல் ஒரு கிழமை இருந்து பாருங்கோ" என்றான் நேசன். அதற்காகவே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் கடல் கடந்து, பிறகு ஸ்வெனுடைய காரில் நெடுநேரம் ஓடி, கடைசியில் காரையும் விட்டுவிட்டு ஸ்கீயில் நடந்து ஒரு மர விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். அதைப் பார்த்துக்கொள்கிறவர் ஆஸ்ட்ரிட் என்கிற நோர்வேப் பெண். அவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் நோர்வே மொழியில் சொல்ல, ஸ்வென் அதை டெனிஷில் சொல்ல, எனக்கு விளங்காததை நேசன் தமிழில் சொல்லுவான்.

நாங்கள் வந்த மறுநாள் ஆஸ்ட்ரிட் எங்களை விடுதிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மண்வெட்டியால் பனியைச் சுவர்போலச் செங்குத்தாக வெட்டினார். அதில் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தன. எல்லாமே வெள்ளைதானே என்று நினைத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்து ஒவ்வொரு அடுக்கிலும் வைத்து அழுத்தினார். மேலே புதுப் பனி, கை முழுவதும் உள்ளே போனது. அதற்குக் கீழே காற்று அடித்து இறுக்கிய பனி, பலகை மாதிரி. விரல் போகவில்லை. அதற்கும் கீழே தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால் பருமணிச் சீனி. ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

"பாத்தீங்களோ அக்கா, முழுப் பலகையும் இந்தச் சீனிக்கு மேலதான் இருக்காம்" என்றான் நேசன். "சரிவான இடத்தில ஓராள் பாரம் போட்டாலே சீனி இடிஞ்சு, பலகை அப்பிடியே வழுக்கிக்கொண்டு வருமாம்."

ஆஸ்ட்ரிட் இன்னும் சொன்னார். நாலைந்து நாளாக மேற்கில் இருந்து மேல்காற்று. அது பனியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மலையின் மறுபக்கத்தில் கொட்டி வைத்திருக்கிறது. அந்தப் பக்கச் சரிவில் ஏறவும் வேண்டாம், அதன் அடியால் போகவும் வேண்டாம். காலுக்குக் கீழே உம்மென்று ஒரு சத்தம் கேட்டால் உள்ளே சீனி இடிந்துவிட்டது என்று அர்த்தம், உடனே விலக வேண்டும். வேறு வழியில்லாமல் ஒரு சரிவின் கீழே போக நேர்ந்தால் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுப் போக வேண்டும். போகிறவரை மற்றவர்கள் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பனி இழுத்துக்கொண்டு போனால் கடைசியாகத் தலை தெரிந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. உதவி தேடி ஓடக் கூடாது, அங்கேயே தேட வேண்டும். ஓடிப்போய் ஆள் கூட்டிக்கொண்டு வருவதற்குள் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முடிந்துவிடும். அகப்பட்டவர் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, மூச்சு விட இடம் செய்துகொள்ள வேண்டும்.

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இதெல்லாம் மலை ஏறுகிறவர்களுக்கு, எனக்கில்லை என்று மனதுக்குள் நினைத்தேன்.

மூன்றாம் நாள் பள்ளத்தாக்கின் அடியில், மட்டமான வெளியில் போய் வரலாம் என்று ஸ்வென் முடிவு செய்தார். சரிவுகளைவிட்டு எட்டத்தில்தான் போக நினைத்தோம். ஆனாலும் ஸ்வென் ஒரு சிறு மண்வெட்டியைத் தன் பையில் கட்டிக்கொண்டார். காலையில் நல்ல வெயில். மத்தியானத்துக்குப் பிறகு மேகம் இறங்கியது. எது வானம், எது நிலம் என்று தெரியவில்லை. காற்று எங்கள் தடத்தையும் மூடிவிட்டது. நாங்கள் வந்த வழி என்று நினைத்துத் திரும்பி நடந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் ஒதுங்கிப் போயிருக்கிறோம், அது எங்கள் நாலு பேருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. உம்ம். வயிற்றுக்குள் கேட்டதுபோல. என் காலுக்குக் கீழே நிலம் ஒரு விரலளவு இறங்கியது.

ஸ்வென் கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றோம். மேகம் கொஞ்சம் விலகியது. எங்களுக்கு மேலே, நாங்கள் இல்லை என்று நினைத்திருந்த இடத்தில், ஒரு முழு மலைச்சரிவு இருந்தது. அதன் அடியில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

ஸ்வெனின் முகம் மாறியது. மெல்லிய குரலில் சொன்னார். எதிரே தெரிகிற பாறை மேட்டுக்குப் போய்விட்டால் தப்பிவிடலாம். ஒவ்வொருவராகப் போவோம். முதுகுப் பையின் வாரைக் கழற்றுங்கள், கையில் ஊன்றுகிற தடியின் வாருக்குள் கையை வைக்க வேண்டாம், பனி வந்தால் அவை ஆளை இழுத்து அமுக்கும்.

ஸ்வென் முதலில் போனார். பிறகு இங்கர் போனார். மிஞ்சியது நானும் நேசனும்.

"நீ போ" என்றேன்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நீங்கள் விழுந்தால் தூக்க ஆள் வேணும்."

"கவனமடா."

"ஓம், வாறன். போங்கோ."

நான் போனேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. பாறையைத் தொட்டதும் இங்கர் என்னை இழுத்து ஏற்றினார். திரும்பி நின்று நேசனைப் பார்த்தேன். அவன் புறப்பட்டுவிட்டான். நீலச் சட்டை. பாதித் தூரம் வந்து, என்னைப் பார்த்துத் தடியைத் தூக்கிக் காட்டினான்.

அவனுக்கு மேலே, சரிவின் குறுக்கே, ஒரு கோடு ஓடியது. கண்ணாடியில் வெடிப்பு ஓடுவதுபோல. அதற்குக் கீழே இருந்த வெள்ளை முழுவதும் ஒன்றாக நகர்ந்தது. முதலில் மெதுவாகத்தான் தெரிந்தது. பிறகு பெரிய இரைச்சல். ஸ்வென் கத்தினார். நேசன் கீழ்ப்பக்கமாகத் திரும்பினான். பனி அவனுடைய இடுப்புக்கு வந்தது. நீலம் தெரிந்தது. இல்லாமல் போனது. இன்னும் கொஞ்சம் தள்ளித் திரும்பவும் நீலம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

நான் கண்ணை எடுக்கவில்லை. ஆஸ்ட்ரிட் சொன்னது அப்போது எனக்கு ஞாபகமே இல்லை. கண்ணை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கடைசியாக நீலம் தெரிந்த இடத்துக்குப் பக்கத்தில், மேசையளவு பெரிய ஒரு பனிக்கட்டி சரிந்து நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பனித்தூள் அடங்கியது. வெயிலும் வந்தது. மலை ஒன்றும் நடக்காததுபோல இருந்தது. எனக்கு இன்றும் அந்த வெயிலைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஸ்வென் மேலே பார்த்தார். சரிவில் இருந்த பனி எல்லாம் வந்து கொட்டிவிட்டது, இனி விழ அங்கே ஒன்றுமில்லை என்று கண்டதும் கீழே ஓடினார். என்னைப் பார்த்து, "கோம், கோம்" என்று கத்தினார். வா என்று அர்த்தம். மொழிப் பள்ளிக்கூடத்தில் முதல்நாளே படித்த சொல். எனக்கு விளங்கவில்லை. இரண்டு வருடமாகப் படித்த டெனிஷ் முழுவதும் என் தலையைவிட்டுப் போய்விட்டது. இங்கர் என் ஸ்கீயைக் கழற்றி, கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

ஓடிவந்த பனி நின்றதும் சீமெந்துபோல இறுகிவிடும். எனக்கு அது தெரியாது. கையால் தோண்டினேன். நகம் உடைந்தது. பனி உடையவில்லை.

"நேசன்!" என்று கத்தினேன். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. ஸ்வென் விரலை வாயில் வைத்துக் காட்டினார். மூன்று பேரும் மூச்சை அடக்கி நின்று கேட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பக் கூப்பிட்டோம், திரும்பக் கேட்டோம். ஒன்றுமில்லை.

ஸ்வென் எங்கள் தடிகளின் அடியில், பனிக்குள் புதையாமல் இருக்க மாட்டியிருந்த வட்டத்தைப் பிடுங்கி எறிந்தார். வெறும் தடியைப் பனிக்குள் குத்திப் பார்க்கச் சொல்லிச் செய்து காட்டினார். பிறகு கீழ்ப்பக்கம் போனவர் அங்கிருந்து கத்தினார். நேசனின் ஒரு ஸ்கீ அங்கே வெளியே தெரிந்தது. இங்கர் அவரிடம் ஓடினார். என்னையும் கூப்பிட்டார்கள். ஸ்கீ அங்கே இருந்தால் ஆளும் அங்கேதானே இருக்க வேண்டும். எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

என் கால் போகவில்லை.

நான் அந்தச் சரிந்த பனிக்கட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு வேறு எந்த இடமும் கண்ணில் படவில்லை. அது அதிர்ச்சி என்று இங்கர் பிறகு சொன்னார். அப்படியும் இருக்கலாம். என் காலைப் பிடித்து வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

அங்கே முழங்காலில் விழுந்துவிட்டேன். நல்ல வார்த்தை போட்டு ஜெபிக்கவில்லை. ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஊரில் சண்டை பிடிப்பதுபோலக் கத்தினேன். தடியால் பனியைக் குத்திக் குத்திக் கத்தினேன்.

"ஆண்டவரே, இவனையும் எடுத்துப்போடாதேயும்! அண்ணாவைக் கேட்டன், நீர் தரேல்லை. இவனைத் தாரும்! அம்மாவுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்? அவன் உம்மோட கோபம், நீர் அவனோட கோபப்படாதேயும். அவனுக்கு மூச்சைக் குடும். பயப்பிடாமல் வைச்சிரும். நான் இஞ்சதான் நிக்கிறன் எண்டு அவனுக்குச் சொல்லும்! உமக்குக் கேக்குதோ? ஆண்டவரே, உமக்குக் கேக்குதோ இல்லையோ?"

கேட்டுவிட்டு நின்றேன். காற்றுச் சத்தம் மட்டும்தான். வானத்தில் இருந்து ஒரு குரலும் வரவில்லை. மனதுக்குள்ளும் ஒரு சமாதானமும் வரவில்லை. அதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொய்ச் சாட்சியாகிவிடும். என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

திரும்பவும் தடியைக் குத்தினேன். மற்ற இடங்களில் தடி நறநறவென்று போய் இறுகி நின்றது. இந்த முறை கொஞ்சத் தூரம் போய், மெத்தையில் குத்தியதுபோல மெதுவாக எதிர்த்துத் தள்ளியது. எடுத்து அதே இடத்தில் திரும்பக் குத்தினேன். அதே மாதிரி.

"இஞ்ச! இஞ்ச!" என்று தமிழில்தான் கத்தினேன். ஸ்வென் எப்படி விளங்கிக்கொண்டாரோ, மண்வெட்டியோடு ஏறி ஓடிவந்தார். நான் தடியைப் பிடுங்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தடிக்குக் கீழ்ப்பக்கத்தில் இருந்து வெட்டினார். இங்கர் ஸ்கீயின் வாலால் வெட்டினார். நான் வெட்டிய பனியைக் கையால் அள்ளி எறிந்தேன். ஜெபம் மட்டும் நிற்கவில்லை. ஒரே சொல்தான், "தாரும், தாரும், தாரும்."

நீலத்துணி தெரிந்தது. தோள். ஸ்வென் மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையால் தோண்டினார். தலை வெளியே வந்தது. அவனுடைய இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் மடங்கி இருந்தன. உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. கண் மூடியிருந்தது. மூச்சு இருக்கவில்லை.

இங்கர் அவனுடைய வாய்க்குள் விரலைவிட்டுப் பனியை எடுத்தார். உடம்பு இன்னும் பனிக்குள் இருக்க, குனிந்து அவனுடைய வாயில் தன் வாயை வைத்து ஊதினார். ஊதினார். நிமிர்ந்து பார்த்தார். திரும்ப ஊதினார். நான் அவனுடைய காதுக்குள், "நேசன், அக்காவடா, அக்காவடா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் இருமினான்.

இருமி, பனித் தண்ணீரைச் சத்தி எடுத்து, பெரிதாக ஒரு மூச்சு இழுத்தான். கிணற்றுக் கப்பி கிறீச்சிடுவதுபோல ஒரு சத்தம். அதைவிட நல்ல பாட்டை நான் கேட்டதில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"குளிருதக்கா" என்றான்.

ஸ்வென் அப்படியே பனியில் இருந்துவிட்டார். முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு அழுதார். பேசாத மனிதர், சிரித்தாலும் வாய் திறக்காதவர், குழந்தைபோலத் தோள் குலுங்க அழுதார்.

பிறகு நடந்தது எல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். எங்கள் எல்லோருடைய உடுப்பையும் நேசனுக்குப் போட்டோம். ஸ்வென் விடுதிக்குப் போய் ஆட்களையும் சறுக்குக் கட்டிலையும் கொண்டுவந்தார். ஆஸ்ட்ரிட் அந்தச் சரிவைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டார். என் கையுறை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் நேசனின் காறை எலும்பு உடைந்திருக்கிறது என்றார்கள். விரல் நுனிகளில் குளிர் பிடித்திருந்தது. வேறொன்றுமில்லை. டொக்டர் இரண்டு முறை படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேறொன்றுமில்லை என்று திரும்பவும் சொன்னார்.

மறுநாள் காலையில் அவனுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். இங்கர் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார். நேசன் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"அக்கா, எனக்கு எல்லாம் கேட்டது" என்றான்.

"என்ன கேட்டது?"

"நீங்கள் மேல நடந்தது. ஸ்வென் கத்தினது. ஸ்கீயை எடுத்துப் போட்ட சத்தம். எல்லாம் பக்கத்தில கேட்ட மாதிரிக் கேட்டது. நானும் கத்தினன். உங்களுக்குக் கேக்கேல்லை."

பிறகு ஸ்வென் ஆஸ்ட்ரிட்டிடம் கேட்டு எனக்குச் சொன்னார், அது அப்படித்தானாம். மேலே பேசுகிறது பனிக்கு அடியில் இருக்கிறவருக்குக் கேட்குமாம். அடியில் இருந்து கூப்பிடுகிறது மேலே வராதாம்.

"முதல்ல எனக்கு விசர் பிடிச்ச மாதிரி" என்றான் நேசன். "கையை அசைக்க ஏலாது. விரலைக்கூட அசைக்க ஏலாது. மூச்சு முட்ட முட்டக் கத்தினன். அப்பதான் நீங்கள் வந்து என்ரை தலைக்கு மேல நிண்டு ஜெபிச்சனீங்கள். ஜெபமே அது? ஏச்சு."

அவன் சிரிக்கப் பார்த்தான். தோள் நொந்திருக்க வேண்டும், நிறுத்திவிட்டான்.

"பயப்பிடாமல் வைச்சிரும் எண்டு சொன்னீங்கள். நான் இஞ்ச நிக்கிறன் எண்டு சொல்லும் எண்டு சொன்னீங்கள். எனக்குக் கேட்டது. சரி, அக்கா மேல நிக்கிறா, இனிக் கத்தி மூச்சை வீணாக்கக் கூடாது எண்டு பேசாமல் கிடந்தன். மெல்ல மெல்ல மூச்சு விட்டன். பிறகு நீங்கள் கேட்டீங்கள், உமக்குக் கேக்குதோ இல்லையோ எண்டு."

"ஓம்."

"நான் அடியில கிடந்து சொன்னன் அக்கா. ஓம், கேக்குது எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் தெரியாது."

நான் கதிரையில் இருந்து எழும்பி யன்னலடிக்குப் போய்விட்டேன். யன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் ஆண்டவரிடம் கேட்டேன். காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் என் முழங்காலுக்குக் கீழே, ஒரு கை தூரத்தில், பதில் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது. ஓம், கேட்கிறது என்று. அதைக் கேட்கிற காது எனக்கு இருக்கவில்லை.

இங்கர் தேத்தண்ணியோடு வந்தபோது அக்காவும் தம்பியும் அழுதுகொண்டிருந்தோம். அவர் கோப்பைகளை வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

சில்க்போர்க்குக்குத் திரும்பி வந்தோம். எங்கள் தமிழ்ச் சனம் ஏசாத ஏச்சு இல்லை. கீழ் வீட்டுப் பரமேஸ் அக்கா, சைவ சமயக்காரர், நேசனுக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆமிக்குத் தப்பி வந்தது ஐஸுக்குள்ள சாகவோ?" என்று அழுதபடியே ஏசினார். பிறகு தன் சாமிப்படத்துக்கு முன்னால் அவனுக்காக விளக்கு வைத்ததாகவும் சொன்னார். அந்த அன்புக்கும் நான் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

அம்மாவுக்கு உடனே சொல்லவில்லை. கொழும்புக்கு அவர் வந்திருந்தபோது, உறவினர் வீட்டுத் தொலைபேசியில் நேசனே சொன்னான். பிறகு அம்மா கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியோ ராசா?"

நேசன் ஒரே நாளில் மாறிவிட்டான் என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. பல கிழமை ஏரிக்கரைக்கே போய்வந்தான். இருட்டான அறையில் இருக்கமாட்டான். கம்பளியை முகத்துக்கு மேலே இழுத்தால் துள்ளி எழும்புவான். நானும் அப்படித்தான். வேலை செய்கிற இல்லத்தின் கூரையில் இருந்து பனி வழுக்கி விழுந்த ஒருநாள் வாளியைப் போட்டுவிட்டுக் குந்தியிருந்து நடுங்கினேன். இங்கர்தான் வந்து என்னை எழுப்பினார். ஆனால் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைக் கொண்டுவந்து விட்டவன் ஏரிக்கரைக்குப் போகவில்லை. உள்ளே வந்து கடைசிக் கதிரையில் இருந்தான். இந்த வருடம் அவன் ஞானஸ்நானம் எடுத்தான். அந்தா, கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறான். நான் அழத் தொடங்கினால் வெளியே போகலாம் என்றுதான் அங்கே நிற்கிறான்.

அண்ணா வரவில்லை. இதைச் சொல்லாமல் நான் இறங்கினால் சரியில்லை. அதே வாயால், அதே கண்ணீரோடுதான் அவருக்காகவும் ஜெபித்தோம். ஒருவனை ஏன் தந்தார், மற்றவரை ஏன் இன்னும் தரவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்போல உங்கள் முன் நிற்க மாட்டேன். ஆனால் முன்பு நான் அண்ணாவுக்காக ஜெபித்துவிட்டு, பதில் இல்லை என்று எழும்பிப் போவேன். இப்போது அப்படி எழும்புவதில்லை. எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கேட்கவில்லை என்பதும் சொல்லப்படவில்லை என்பதும் ஒன்றல்ல என்று அந்தப் பனியில் கண்டுவிட்டேன்.

இங்கே இருக்கிற எத்தனையோ பேருக்கு ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கே இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாத பிள்ளைகள், கணவன்மார், சகோதரங்கள். சிலர் ஜெபித்துக் களைத்துவிட்டீர்கள். சிலர் என் தம்பிபோல வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். களைத்தாலும் அந்த இடத்தைவிட்டு எழும்பிப் போகாதீர்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் ஏசுங்கள், அவர் தாங்கிக்கொள்ளுவார். மனதுக்குள் முணுமுணுக்க வேண்டாம். வாயைத் திறந்து, பெயரைச் சொல்லி, சத்தமாக ஜெபியுங்கள்.

மேலே இருப்பவருக்கு மட்டுமல்ல, அடியில் கிடப்பவனுக்கும் அது கேட்கும்.